மெக்ஸிகோ நகரமா, குவாதலஹாராவா?

வெளிதேசப் பிரயாணம் என்று ஒரு குடும்பத்தில் தீர்மானமாகிவிட்டால், அன்று மாலைக்குள்ளாகவே வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. தலைநகரத்தைப் பார்க்காமல் திரும்பினால் ஊரார் சிரிப்பார்கள் என்பது ஒரு கட்சி. தலைநகரத்தில் என்ன இருக்கிறது, கூட்டமும் புகையுந்தானே, தேசத்தின் மெய்யான முகத்தை இரண்டாவது ஊரிலல்லவா காணவேண்டும் என்பது மற்றொரு கட்சி. மெக்ஸிகோ தேசத்துக்குப் போக எண்ணுகிறவர்களிடையே இந்த வழக்கு வெகு மும்முரமாக நடக்கக் கூடியது. அங்கே வாதி மெக்ஸிகோ நகரம், பிரதிவாதி குவாதலஹாரா.

இரண்டும் சாமான்யமான ஊர்கள் அல்ல. 2020-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி, சுற்றுப்புறங்களையும் சேர்த்துத் தலைநகரத்தில் சுமார் 2 கோடியே 18 லட்சம் ஜனங்கள் வசிக்கிறார்கள். ஹலிஸ்கோ ராஜ்யத்தின் தலைநகரமான குவாதலஹாராவில் சுமார் 52 லட்சம் ஜனங்கள். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சாலை வழியாகச் சுமார் 540 கிலோமீட்டர் தூரம். பஸ்ஸில் ஏறினால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஆகாய விமானத்தில் ஒன்றரை மணி நேரம்.

"அவ்வளவுதானே? இரண்டையும் பார்த்துவிட்டால் போகிறது!" என்று சிலர் சொல்வார்கள். சொல்லுவது சுலபம். இந்தியாவிலிருந்து போய்ச் சேருவதற்கே ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். இங்கே பகலாயிருக்கும் போது அங்கே இரவு. ஆகையால் தூக்கம் சரிப்பட இரண்டு நாள். உத்தியோகத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் ரஜாவோ பத்துப் பன்னிரண்டு நாள். குழந்தைகளின் படிப்புக்காகச் சேர்த்துவைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்துச் செலவு செய்கிறவர்களும் உண்டு. இப்படிப்பட்ட பிரயாணம் ஒரு குடும்பத்துக்கு ஆயுளில் ஒரு முறைதான் வாய்க்கும். அதை மூட்டை கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் கழித்துவிடலாமா? எனவே, வழக்கை நன்றாக விசாரித்து ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியது அவசியமாகிறது.

நமக்கும் அவர்களுக்கும்

அவ்வளவு தூரத்திலுள்ள தேசத்துக்கு நாம் ஏன் போகவேண்டும் என்று கேட்பவர்கள், முதலில் தங்கள் வீட்டுச் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கவேண்டும். மிளகாயும் தக்காளியும் அந்தக் கண்டத்திலிருந்து வந்தவை. போர்த்துக்கீசியர் கப்பலில் வருவதற்கு முன் நம் முன்னோர் மிளகையே உறைப்புக்கு நம்பியிருந்தார்கள். பப்பாளியும் கொய்யாவும் சப்போட்டாவும் அப்பக்கத்துப் பழங்கள். சப்போட்டா என்னும் பெயரே மெக்ஸிகோவின் ஆதிக்குடிகளுடைய நாவாத்ல் பாஷையிலிருந்து ஸ்பானிய பாஷையின் வழியாக நம்மிடம் வந்ததுதான்.

கோதுமையின் கதை இன்னும் சமீப காலத்தது. 1966-ஆம் வருஷத்தில் இந்தியா 18,000 டன் மெக்ஸிகோ கோதுமை விதையை வரவழைத்தது. அப்போது உணவு மந்திரியாக இருந்தவர் நம் தமிழ் நாட்டைச் சேர்ந்த ஸ்ரீ சி. சுப்பிரமணியம். அந்த விதைகளை நம் மண்ணில் பரீட்சித்து வெற்றி கண்டவர்களில் முதன்மையானவர் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன். தானியத்துக்காக அந்நிய தேசத்துக் கப்பல்களை எதிர்பார்த்துக் கொண்டிருந்த அவமானம் நீங்கியதற்கு அந்த விதை ஒரு முக்கிய காரணம்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு காரணம் உண்டு. மெக்ஸிகோவும் முந்நூறு வருஷம் அந்நியருக்கு அடிமைப்பட்டிருந்த தேசம். 1521-ல் ஸ்பானியர் கையில் விழுந்து 1821-ல் விடுதலை பெற்றது. சுதந்திரம் அடைந்த ஒரு தேசம் தன்னுடைய பழமையை என்ன செய்தது, சுதந்திரத்தை என்ன செய்தது என்பதைப் பார்ப்பதில் நமக்கு இல்லாத அக்கறை வேறு யாருக்கு இருக்கப் போகிறது? இவ்விரு நகரங்களையும் அந்தக் கண்கொண்டே பார்ப்போம்.

ஏரியின்மேல் எழுந்த நகரம்

மெக்ஸிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது, நம் உதகமண்டலத்தின் உயரம் என்றே சொல்லிவிடலாம். 1325-ல் அஸ்தெக் மக்கள் டெஸ்கோகோ ஏரியின் நடுவிலிருந்த ஒரு தீவில் தங்கள் நகரத்தை ஸ்தாபித்தார்கள் என்பது வழங்கிவரும் வரலாறு. டெனோச்டிட்லான் என்பது அதன் பெயர். 1521 ஆகஸ்டு 13-ஆம் தேதி எர்னான் கோர்த்தேஸ் என்னும் ஸ்பானியத் தளபதி அதைப் பிடித்தான். கோயிலை இடித்தான், இடித்த கல்லைக் கொண்டே புதிய ஊரை எழுப்பினார்கள். பிற்பாடு ஏரியின் நீரையும் வடியச் செய்தார்கள்.

புதைத்த சரித்திரம் எப்போதும் புதைந்தே கிடப்பதில்லை. 1978 பிப்ரவரியில் நகரின் மத்தியில் மின்சாரக் கம்பெனித் தொழிலாளிகள் பள்ளம் தோண்டிக் கொண்டிருந்தபோது மண்வெட்டி ஒரு கல்லில் மோதியது. மண்ணை விலக்கிப் பார்த்தால், மூன்று மீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவுள்ள வட்டக் கல். அதிலே அங்கங்கள் துண்டாடப்பட்ட ஒரு தேவதையின் உருவம்! அதன் பிறகு அங்கிருந்த பழைய கட்டடங்களை அப்புறப்படுத்தி, அஸ்தெக் மக்களின் பெரிய கோயிலின் அஸ்திவாரத்தை வெளிக்கொணர்ந்தார்கள். இன்று ஸோகலோ என்னும் பெரிய சதுக்கத்தில் நின்றால் ஒரு பக்கம் அந்தக் கோயிலின் படிகள், ஒரு பக்கம் 1573 முதல் 1813 வரையில் 240 வருஷம் கட்டிய ஸ்பானிய தேவாலயம், மற்றொரு பக்கம் தேசிய அரண்மனை. மூன்று யுகங்களும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன.

ஏரியை வற்றச் செய்த பாவம் இந்த நகரத்தை இன்னும் விட்டபாடில்லை. கீழே இருப்பது மெத்தென்ற களிமண். கோடிக்கணக்கான ஜனங்களுக்காகக் கிணறு வெட்டி நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்தக் களிமண் சுருங்கி நகரம் தாழ்ந்து கொண்டே போகிறது. சில பகுதிகள் வருஷத்துக்கு 50 சென்டிமீட்டர் வரையில் இறங்குகின்றன. 1910-ல் நாட்டிய சுதந்திர ஸ்தூபி ஆழமான அஸ்திவாரத்தில் நிற்பதால் அது மட்டும் அப்படியே நிற்க, சுற்றியுள்ள தரை இறங்கிவிட்டது. ஏறுவதற்குப் பதினான்கு படிகள் புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. மழைக்காலத்தில் தெருவெல்லாம் வெள்ளம். கோடையில் குழாயில் காற்று. குடிதண்ணீரில் ஒரு பகுதியை நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். ஏரியில் பிறந்த ஊருக்கு இந்தக் கதி!

பார்க்க வேண்டியவற்றை எண்ணினால் ஏழு நாள் போதாது. சபுல்தெபெக் வனத்தில் 1964-ல் திறந்த மனிதவியல் பொருட்காட்சிசாலை ஒன்றுக்கே ஒரு முழு நாள் வேண்டும். அங்கேதான் 24 டன் எடையுள்ள சூரியக் கல் இருக்கிறது. வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் தெயோதிவாகான் என்னும் பாழ்நகரம். அங்குள்ள சூரியப் பிரமிடு சுமார் 65 மீட்டர் உயரம். தெற்கே ஸோச்சிமில்கோவில் பழைய ஏரியின் மிச்சம் இருக்கிறது. நாணல் வேலிகட்டிச் சேறு கொட்டி ஏரிக்குள்ளேயே வயல் உண்டாக்கும் ஆதிக்குடிகளின் விவசாய முறையை இன்றும் அங்கே பார்க்கலாம். வர்ணம் தீட்டிய படகுகளில் குடும்பத்தோடு செல்லலாம், பாட்டுக்காரர்கள் வேறு படகில் பின்தொடர்ந்து வருவார்கள், வேண்டாமென்றாலும் போகமாட்டார்கள்.

ஊருக்குள் போக்குவரத்துக்கு 1969-ல் ஆரம்பித்த பாதாள ரெயில் இருக்கிறது. 12 பாதைகள், 195 ஸ்டேஷன்கள், கட்டணமோ சொற்பம். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பெயரோடு ஒரு சித்திரமும் உண்டு. சபுல்தெபெக் என்றால் வெட்டுக்கிளிக் குன்று என்று பொருளாகையால், அந்த ஸ்டேஷனுக்கு வெட்டுக்கிளி அடையாளம். எழுத்தறியாத ஏழையும், ஸ்பானிய பாஷை அறியாத நாமும் அங்கே ஒரே நிலை! பினோ சுவாரெஸ் என்னும் ஸ்டேஷனில், ரெயில் பாதை வெட்டும்போது கிடைத்த அஸ்தெக் பலிபீடம் ஒன்றைப் பெயர்க்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். உத்தியோகத்துக்கு ஓடுகிறவர்கள் தினந்தோறும் அதைத் தாண்டிப் போகிறார்கள்.

இந்தியர்கள் தேடிப் பார்க்க வேண்டிய இடங்களும் உண்டு. வங்காளத்துப் புரட்சிக்காரரான எம். என். ராய் 1917-ல் இந்நகரத்துக்கு வந்து, ரோமா என்னும் குடியிருப்பில் வசித்து, ஸ்பானிய பாஷை கற்று, 1919-ல் அந்நாட்டுக் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். கதர் இயக்கத்தைச் சேர்ந்தவரும் வார்தாவில் பிறந்தவருமான பாண்டுரங்க கான்கோஜே, பிரிட்டிஷாரின் கைக்கு அகப்படாமல் பல தேசம் அலைந்து, கடைசியில் தலைநகருக்கு அருகிலுள்ள சப்பிங்கோ விவசாயக் கலாசாலையில் 1924 முதல் ஆசிரியராக இருந்தார். சோளத்திலும் கோதுமையிலும் ஆராய்ச்சி செய்தார். குடியானவர்களுக்கு இலவசப் பள்ளிக்கூடங்கள் வைத்தார். சித்திரக்காரர் டியெகோ ரிவேரா, கல்வி இலாகாக் கட்டடத்துச் சுவரில் எழுதிய படமொன்றில், ஏழைகளுடன் உணவு மேஜையில் அமர்ந்து ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பவராக அவரைத் தீட்டியிருக்கிறார். சொந்த மண்ணில் கால் வைக்க முடியாமலிருந்த ஓர் இந்தியனுக்கு அந்நிய மண்ணில் கிடைத்த மரியாதை அது. 2022-ல் சப்பிங்கோவில் அவருக்குச் சிலையும் வைத்தார்கள்.

சங்கிலி அறுந்த ஊர்

குவாதலஹாரா என்னும் பெயர் ஸ்பெயினிலிருந்து வந்தது. அதன் மூலம் அரபு பாஷை. கற்கள் நிறைந்த பள்ளத்தாக்கு என்று பொருள் சொல்வார்கள். மூன்று இடங்களில் குடியேறி நிலைக்காமல், நாலாவது இடத்தில் 1542 பிப்ரவரி 14-ஆம் தேதி ஸ்தாபித்த ஊர் இது. உயரம் சுமார் 1,560 மீட்டர். தலைநகரத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்களுக்கு இங்கே அவ்வளவு சிரமமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொஞ்சம் அதிகம். ஜூன் முதல் மாலை மழை. குளிர்காலத்தில் வெகு சுகம்.

ஊரின் நடுவிலுள்ள தேவாலயத்தின் நாலு பக்கமும் நாலு சதுக்கங்கள் சிலுவை வடிவில் அமைந்திருக்கின்றன. 1818-ல் பூகம்பத்தில் கோபுரங்கள் விழுந்துவிட்டதால், 1854-ல் மஞ்சள் ஓடு பதித்த புதிய கோபுரங்களைக் கட்டினார்கள். அவைதான் இன்று ஊருக்கே அடையாளம். சதுக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்து கொண்டு மாலைப் பொழுதைக் கழிப்பதை இவ்வூரார் ஒரு வேலையாகவே செய்கிறார்கள். தாத்தா ஐஸ் வாங்கிக் கொடுப்பார், பேரன் புறாவை விரட்டுவான், அவசரமென்பது யாருக்குமில்லை. தலைநகரத்தில் இந்தக் காட்சியைக் காண்பதற்கு ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும்.

இந்தச் சதுக்கங்களில் ஒன்றில், அறுந்த சங்கிலியைக் கையிலேந்தி நிற்கிறார் பாதிரி மிகெல் இதால்கோ. 1810 செப்டம்பரில் டொலோரெஸ் என்னும் சிற்றூரில் கோயில் மணியை அடித்து, ஸ்பானியர் ஆட்சிக்கு எதிராகக் குடியானவர்களைக் கிளப்பிவிட்டவர் அவர். அந்த வருஷக் கடைசியில் குவாதலஹாராவுக்கு வந்து, டிசம்பர் 6-ஆம் தேதி, அடிமைத்தனம் ஒழிந்தது என்று பிரகடனம் செய்தார். மறு மாதமே ஊருக்கு வெளியே கல்தெரோன் பாலத்தருகில் அவருடைய சேனை சிதறியது. 1811 ஜூலையில் அவரைச் சுட்டுக் கொன்று, தலையைக் கூண்டிலிட்டுக் குவானாஹுவாதோ நகரில் பத்து வருஷம் தொங்கவிட்டிருந்தார்கள். ஆனால் பிரகடனம் செத்துப் போகவில்லை. விடுதலையான தேசம் 1829-ல் அதைச் சட்டமாகவே செய்தது.

கைத்தொழிலில் அபிமானமுள்ளவர்களுக்குக் குவாதலஹாராவே சொர்க்கம். த்லாகெபாகே, தொனாலா என்னும் இரண்டு பழைய ஊர்கள் இப்போது நகரத்தோடு ஒட்டிவிட்டன. மண் பாண்டம், ஊதுகண்ணாடி, தோல் வேலை, காகிதப் பொம்மை எல்லாம் கண்ணெதிரே செய்து விற்கிறார்கள். தொனாலாவில் வியாழனும் ஞாயிறும் தெருச் சந்தை கூடுகிறது. ஊர் நடுவில் 1958-ல் கட்டிய சான் ஹுவான் தெ தியோஸ் மார்க்கெட் ஒன்று இருக்கிறது. அதற்குள் வழி தவறிவிட்டால் வெளியே வருவதற்குள் ஒரு மூட்டைச் சாமான் வாங்கியிருப்போம்.

வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் தெகீலா என்னும் சிற்றூர். பெயரைக் கேட்டு மதுவிலக்கு அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். குடிக்காதவர்களுக்கும் அங்கே பார்ப்பதற்கு விஷயம் உண்டு. நம் ஊர் வேலிகளில் வளரும் ஆனைக்கற்றாழையின் உறவான ஒரு நீலக் கற்றாழை, மலைச் சரிவெல்லாம் கடல் போல் பரவியிருக்கிறது. ஒரு செடி முற்றுவதற்கு ஆறேழு வருஷம் ஆகும். மடல்களைச் சீவியெறிந்து, அன்னாசிப் பழம் போன்ற அடிப்பாகத்தை அவித்துப் பிழிவார்கள். 2006-ல் அந்த நிலப்பரப்பு உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்கப்பட்டது. தெற்கே மெக்ஸிகோவின் மிகப் பெரிய ஏரியான சப்பாலா. குவாதலஹாரா குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஏரித் தண்ணீர்தான்.

புத்தகப் பிரியர்களுக்கு மற்றொரு செய்தி. 1987 முதல் வருஷந்தோறும் நவம்பர் கடைசியில் இங்கே புத்தகச் சந்தை நடக்கிறது. ஸ்பானிய பாஷையில் இதைவிடப் பெரிது வேறில்லை. 2019-ல் அதன் கௌரவ விருந்தினராக அழைக்கப்பட்ட தேசம் இந்தியா.

இரண்டு சித்திரக்காரர்கள்

இவ்விரு நகரங்களின் வித்தியாசத்தை ஒரே நாளில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டு மாடிப்படிகளில் ஏறினால் போதும்.

தலைநகரத்தில் தேசிய அரண்மனையின் மாடிப்படிச் சுவரில் 1929 முதல் 1935 வரை ரிவேரா எழுதிய சித்திரம் இருக்கிறது. ஆதிக்குடிகளின் பொற்காலம், ஸ்பானியர் படையெடுப்பு, சுதந்திரப் போர், புரட்சி எல்லாம் நூற்றுக்கணக்கான முகங்களோடு திருவிழாக் கூட்டம் போல் நெருக்கியடித்து நிற்கின்றன. சரித்திரம் நம்மை எங்கோ நல்ல இடத்துக்கு அழைத்துச் செல்கிறது என்ற நம்பிக்கை அந்தச் சுவரில் இருக்கிறது. பார்த்துவிட்டு இறங்குகிறவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்குவான். (அரண்மனை இப்போது ஜனாதிபதியின் வாசஸ்தலமாகவும் இருப்பதால், உள்ளே செல்ல முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம். கல்வி இலாகாக் கட்டடத்தில் ரிவேராவின் சித்திரங்கள் நூற்றுக்கு மேல் உண்டு.)

குவாதலஹாராவில் ராஜ்ய சர்க்கார் மாளிகையின் மாடிப்படிக்கு மேலே 1937-ல் ஹோஸே க்ளெமென்தே ஒரோஸ்கோ எழுதிய இதால்கோவின் சித்திரம் இருக்கிறது. ஒரோஸ்கோ இந்த ஹலிஸ்கோ மண்ணில் பிறந்தவர். சிறு வயதில் வெடிமருந்து விபத்தில் இடது கையை இழந்தவர். அவருடைய இதால்கோ, எரியும் தீவட்டியைக் கையிலேந்தி, படியேறி வருகிறவர்களின் தலைமேல் பாய்வது போல் நிற்கிறார். கீழே ஒருவரையொருவர் குத்திக் கொள்ளும் மனிதர்கள். பக்கத்துச் சுவரில், எல்லாக் கட்சிக் கொடிகளையும் சின்னங்களையும் தூக்கிக்கொண்டு கோமாளிக் கூத்தாடும் தலைவர்கள். "சுதந்திரம் வாங்கித் தந்தோமே, அதை என்ன செய்தீர்கள்?" என்று அந்தக் கிழவர் கேட்பது போலிருக்கிறது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கபான்யாஸ் அநாதை இல்லம். பிஷப் ஒருவரின் தருமத்தால் எழுந்து, 1980 வரையில் குழந்தைகளை வளர்த்த கட்டடம்; 23 முற்றங்கள். அதன் கோயில் மண்டபத்தில் 1937 முதல் 1939 வரை ஒரோஸ்கோ 57 சித்திரங்களை எழுதினார். கழுத்து வலிக்காமல் பார்ப்பதற்காகப் பெஞ்சியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள். கூண்டின் உச்சியில் ஒரு மனிதன் தீயில் எரிந்துகொண்டே மேலே போகிறான்.

தேசபக்தியில் இரண்டு விதம் உண்டு. தாயைப் புகழ்வது ஒன்று. தாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்தோமா என்று பிள்ளைகளைக் கேட்பது மற்றொன்று. ரிவேரா முதலாவது, ஒரோஸ்கோ இரண்டாவது. எந்தத் தேசத்துக்கும் இரண்டு பேரும் வேண்டும்.

பார்க்கத் தக்க துயரங்கள்

பிரயாணிகளுக்கென்று அச்சிடும் பத்திரங்களில் இல்லாத சில இடங்களும் இவ்வூர்களில் உண்டு. தலைநகரத்தில் த்லதெலோல்கோ சதுக்கத்தில் 1968 அக்டோபர் 2-ஆம் தேதி, கூடியிருந்த மாணவர்களை ராணுவம் சுட்டது. அப்போது டில்லியில் மெக்ஸிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ், அதைக் கண்டித்துத் தம் பதவியை விட்டு விலகினார். 1985 செப்டம்பர் 19-ஆம் தேதிப் பூகம்பத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். சர்க்கார் திகைத்து நின்ற சமயத்தில், தெருவில் போகிறவர்களே கைகோத்து இடிபாட்டைப் புரட்டி உயிர்களை மீட்டார்கள். 2017-ல் அதே தேதியில் மறுபடியும் பூகம்பம். மறுபடியும் அதே மனித வரிசை.

குவாதலஹாராவில் 1992 ஏப்ரல் 22-ஆம் தேதி, சாக்கடைக் குழாய்களில் கசிந்து சேர்ந்திருந்த பெட்ரோல் வெடித்து, கிலோமீட்டர் கணக்கில் தெருக்கள் பிளந்தன. இருநூறு பேருக்கு மேல் மாண்டதாகச் சர்க்கார் கணக்கே சொல்கிறது. நாற்றம் வருகிறது என்று ஜனங்கள் முன்பே முறையிட்டும், அதிகாரிகள் அவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றவில்லை. இப்போது அந்நகரின் பெரிய வட்டச் சாலை ஒன்றிலுள்ள நினைவுச் சின்னத்தைச் சுற்றி, காணாமற்போன பிள்ளைகளின் படங்களைத் தாய்மார்கள் ஒட்டி வைத்திருக்கிறார்கள். மெக்ஸிகோ முழுவதிலும் இப்படிக் காணாமற்போனவர்கள் லட்சம் பேருக்கு மேல். ஹலிஸ்கோ அதில் மிகவும் துன்பப்பட்ட ராஜ்யங்களில் ஒன்று. பகலில் பெரிய தெருக்களில் செல்லும் பிரயாணிக்கு இதனால் பயமில்லை என்றாலும், இரவில் தெரியாத பேட்டைகளில் நடக்காமலிருப்பதும் விசாரித்து வண்டி அமர்த்துவதும் இரு ஊர்களிலும் அவசியம். அந்தப் படங்களின் முன் ஒரு நிமிஷம் நின்று வருவதும் பிரயாணத்தில் சேர்ந்ததுதான்.

சாப்பாட்டுப் பிரச்னை

நம்மவர்களில் பலருக்கு இது முதல் பிரச்னை. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துத் தட்டும் தொர்த்தியா என்னும் ரொட்டிதான் அங்கே அன்னம். சோள மாவை மடலில் சுற்றி ஆவியில் வேகவைக்கும் கொழுக்கட்டைக்குத் தமால் என்று பெயர். நம் பாஷையின் பெயர் போல் ஒலித்தாலும் உறவு ஒன்றுமில்லை. உள்ளே பெரும்பாலும் மாமிசம் இருக்கும், ஜாக்கிரதை! அவரை வகைப் பயறும் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கக்கூடும். மாந்தேகா உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தலைநகரத்தில் மரக்கறி உண்பவர்களுக்கு வசதி அதிகம்: பூசணிப்பூ, சப்பாத்திக் கள்ளியின் இளமடல், காளான் இவற்றை வைத்து மடித்த ரொட்டி தெருவுக்குத் தெரு கிடைக்கும். குவாதலஹாராவின் பெருமையெல்லாம் ஆட்டிறைச்சிக் குழம்பும், மிளகாய்ச் சாற்றில் மூழ்கடித்த மாமிச ரொட்டியும். மிளகாய்ச் சாறு மாத்திரம் நம் நாக்குக்கு உகந்தது.

தீர்ப்பு

முதல் முறையாகச் செல்கிறவர்கள், கையில் முழுதாக ஏழு எட்டு நாள்தான் இருக்குமானால், மெக்ஸிகோ நகரத்துக்கே போய் அங்கேயே தங்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். கூட்டமும் புகையும் உண்டு; ஆனால் ஆதிக்குடிகள், அந்நியர், விடுதலை என்ற மூன்று அத்தியாயங்களும் ஒரே ஊரில் கிடைப்பது அங்கேதான். அந்த ஏழு நாளை நாலும் மூன்றுமாகப் பிரித்து இரண்டு ஊரையும் தொட்டுவிட்டு வருவது, இரண்டு விருந்துக்குப் போய் இரண்டிலும் பாயசத்தை மாத்திரம் குடித்துவிட்டு வருவதற்குச் சமானம். முதல் நாள் படியேறாமல் இளைப்பாறுங்கள், உயரம் பழகட்டும். திங்கட்கிழமை பொருட்காட்சிசாலைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அன்று ஸோச்சிமில்கோவுக்குப் போகலாம். இருதய நோயுள்ள பெரியவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புறப்படக்கூடாது.

பதினோரு நாள் இருந்தால், கடைசி நாலு நாளைக் குவாதலஹாராவுக்குக் கொடுங்கள். தலைநகரத்தின் ஆரவாரத்துக்குப் பின் அங்கே போவது, கச்சேரி முடிந்து வீட்டுத் திண்ணையில் உட்காருவது போலிருக்கும். ரிவேராவைப் பார்த்த கண்ணோடு ஒரோஸ்கோவைப் பார்த்தால்தான் இருவருடைய அருமையும் விளங்கும்.

குவாதலஹாராவை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டியவர்களும் உண்டு. வயோதிகர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்கள், நெசவும் குயவும் கண்ணாடி வேலையும் கற்க விரும்புகிறவர்கள், புத்தகச் சந்தைக்குப் போகிறவர்கள், ஒரு தேசத்து ஜனங்கள் மாலைப் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதை அறிய ஆவலுள்ளவர்கள் எல்லாரும் தயங்காமல் அங்கே செல்லலாம். "தலைநகரத்தைப் பார்க்கவில்லையா?" என்று கேட்கும் ஊராருக்கு, அடிமைச் சங்கிலி அறுந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று பதில் சொல்லலாம்.

எந்த ஊருக்குப் போனாலும் செப்டம்பர் 15-ஆம் தேதி இரவு அங்கே இருக்கும்படி நேர்ந்தால் அது பாக்கியம். தலைநகரத்தில் ஜனாதிபதி அரண்மனை மாடத்தில் நின்று, இதால்கோ அடித்த அதே டொலோரெஸ் மணியை அடிப்பார். குவாதலஹாராவில் ஒரோஸ்கோவின் சித்திரமுள்ள மாளிகையின் மாடத்தில் ராஜ்யத்தின் கவர்னர் நிற்பார். மாடத்திலிருந்து வீரர்களின் பெயரைச் சொல்லச் சொல்ல, கீழே நிற்கும் ஜனங்கள் ஒவ்வொரு பெயருக்கும் வாழ்த்தொலி எழுப்புவார்கள். பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆகஸ்டு 15-ஐக் கொண்டாடுகிறவர்களுக்கு அந்தக் கோஷத்தின் அர்த்தம் தானே விளங்கிவிடும். நீங்களும் கூடச் சேர்ந்து கோஷமிட்டுவிட்டு வாருங்கள்!